காம்போச நாட்டு நீர்நிலைகளும் அங்கோர் நகரும்

உலகத்து முதல் நாகரிகங்களை எடுத்துரைக்கப் புகுவோர் நைல், யூப்பிரத்தீசு, சிந்து என்னும் பேராறுகளை முன்வைத்தே தொடங்குவர். அவ்வாறுகள் பாயும் நிலங்களிற் பெரும்பகுதி மழை அருகியவை. ஆற்றை விட்டால் உயிர்வாழ்க்கைக்கு வேறு பற்றுக்கோடு இல்லாதவை. ஆகலின், நீர் அரிதாகிய இடத்தேதான் மக்கள் நீரை அடக்கியாளக் கற்றனர் என்றொரு கருத்துப் பலரிடத்தும் வேரூன்றியிருக்கின்றது. அக்கருத்தின் எல்லையைக் காட்டுவது காம்போச நாட்டு அங்கோர் நகரின் வரலாறு. மழை மிகுந்த நாட்டிலே, இயற்கைப் பேரேரி ஒன்றற்கு அண்மையிலே, மன்னர் வழிவழியாகப் பெரும்பெருந் தடாகங்களை அமைத்தனர். அவற்றை நம்பி ஏறத்தாழ அறுநூறாண்டு வாழ்ந்த மாநகர் பின்னர்க் காடு மூடிக் கிடந்தது. சிவபெருமானை முழுமுதலாகப் போற்றிய வேந்தர் பலர் ஆண்ட நகராதலின், அதன் எழுச்சியும் வீழ்ச்சியும் எக்காரணத்தான் நிகழ்ந்தன என்பது சைவ மக்கள் ஆராய்ந்து தெளியற்பாலது.

அந்நாட்டிலே மே மாதம் தொடங்கி அக்டோபர் முடியத் தென்மேற்குப் பருவக்காற்று மழையைப் பொழியும். அதன்பின் ஏப்பிரல் வரை வானம் வறண்டு நிற்கும். நகருக்குத் தெற்கே தொன்லே சாப் என்னும் பேரேரி உளது. கோடையில் அதன் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மைல். மழைக்காலத்தில் மேகாங் என்னும் பேராறு பெருக்கெடுக்குங்கால், ஏரியினின்று அப்பேராற்றை நோக்கி ஓடிவரும் சிற்றாறு எதிர்த்துத் தள்ளப்பட்டுப் பின்னோக்கி ஓடி, மீண்டும் ஏரியையே நிரப்பும். அப்பொழுது ஏரி நான்கு ஐந்து மடங்காக விரியும். ஆறு தன் போக்கை ஆண்டுதோறும் மாற்றியோடும் இவ்வியப்பினாற் கரையோரத்துக் காடுகள் நீருள் மூழ்க, மீன்வளம் அளவிறந்து பெருகும். 1296-ஆம் ஆண்டு சீன அரசன் தூதுக்குழுவோடு அங்கோருக்கு வந்து, மறு ஆண்டு வரை தங்கிய சௌ தாகுவான் என்பார் இவற்றையெல்லாம் நேரிற் கண்டு எழுதிவைத்தனர். அரையாண்டு நாள்தோறும் பிற்பகலில் மழை பெய்தலும், அரையாண்டு ஒரு துளியும் வீழாமையும், பெருமரங்களின் நுனி மட்டும் நீர்மேற் றோன்றுதலும் அவர் நூலிற் கூறப்பட்டுள்ளன.

இவ்வளவு நீருடைய நாட்டிற்கு ஏரி எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பே. அந்நாட்டின் குறை நீரின் அளவிலே இல்லை. அது வரும் முறையிலே உளது. பருவமழை இருபது நாள் பிந்தினும், நடுவில் ஒரு திங்கள் ஓய்ந்தாலும் நாற்று வாடும். அங்கோர்ச் சமவெளியின் மண்ணோ மணற்பாங்கானது. நீரை நெடிது தாங்காது. வடகிழக்கே குலேன் என்னும் மலை, தென்மேற்கே பேரேரி, இடையே மிக மெல்லிய சரிவு. மலையிற் பெய்த நீர் அச்சரிவிலே இறங்கி, தடுப்பாரின்றேல் விரைந்து ஏரியை அடைந்துவிடும். ஓடும் நீரை நிறுத்தி வைத்தல் ஒன்றே அங்குச் செய்தற்குரிய பணி.

குலேன் மலையைப் பழைய சாசனங்கள் மகேந்திர பர்வதம் என்று வழங்கும். 802-ஆம் ஆண்டில் இரண்டாம் செயவர்மன் அம்மலைமீது அரச வேள்வி இயற்றி முடிமன்னனாயினன் என்று, 11-ஆம் நூற்றாண்டின் நடுவிலே பொறிக்கப்பெற்ற சுடோக் கக் தோம் சாசனம் கூறுகின்றது. ஆயினும், நீர்ப்பணியைப் பேரளவிற் றொடங்கிய பெருமை முதலாம் இந்திரவர்மனுக்கே (877-889) உரியது. முடிசூடிய நாளினின்று ஐந்து நாளைக்குள் அகழத் தொடங்குவேன் என அவன் உறுதி பூண்டான் என்பது சாசனச் செய்தி. அரிகராலயம் என்னும் அவன் தலைநகரில் அமைந்த இந்திர தடாகம் ஏறத்தாழ இரண்டரை மைல் நீளமும் அரை மைல் அகலமும் உடையது. அகழத் தொடங்குவேன் என்று சொல்லியிருப்பினும், காம்போசத்துப் பெருந்தடாகங்கள் ஆழமாக அகழப்பட்டவை அல்ல. நாற்புறமும் மண்கரை உயர்த்தி, நிலமட்டத்துக்கு மேலே நீரைத் தேக்கியவை. தாழ்ந்த வயல்களுக்கு ஏற்றம் முதலிய பொறி எதுவுமின்றி நீர் தானே இறங்கிப் பாயும் வண்ணம் இங்ஙனம் செய்தனர்.

அவ்விந்திரவர்மன் 881-இல் இந்திரேசுவரம் என்னும் சிவலிங்கத்தை நிறுவினான். அதனைத் தாங்கும் பாக்கோங் என்னும் படிநிலைக் கோயில் இன்றும் நிற்கின்றது. நிலம், நீர், தீ, வளி, வான், ஞாயிறு, திங்கள், இயமானன் என்னும் அட்டமூர்த்தங்களையும் அவன் அமைத்தமையை அச்சாசனம் பகர்கின்றது. நீர் இறைவன் திருமேனிகளுள் ஒன்று என்னும் கொள்கை அந்நாட்டு மன்னன் உள்ளத்தில் எவ்வளவு ஆழப் பதிந்திருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. ஏரி வெட்டுதலும் இலிங்கம் நிறுவுதலும் அவனுக்கு இருவேறு பணிகள் ஆகா.

அவன் மகன் யசோவர்மன் (889 முதல் ஏறத்தாழ 910 வரை) தந்தையின் தடாகத்து நடுவே, 893-இல் லோலேய் என்னும் கோயிலை எடுத்தான். அங்கே நான்கு செங்கற் கோபுரங்களுக்கு நடுவே நிறுவிய இலிங்கத்தினின்று நாற்றிசையும் செல்லும் கற்றாரைகள் உள்ளன. திருமஞ்சன நீர் அவற்றின் வழியே நான்கு பக்கமும் வடியும். பின்னர் அவன் தலைநகரை இன்றைய அங்கோர்ப் பகுதிக்கு மாற்றி, யசோதர தடாகம் என்னும் கீழைத் தடாகத்தை அமைத்தான். அதன் நீளம் நாலரை மைலுக்கு மேல். அகலம் ஒரு மைலுக்கு மேல். நான்கு மூலைகளிலும் கற்சாசனங்கள் நடப்பட்டன. தன் அறத்தைக் காக்குமாறு பின்வரும் காம்போச வேந்தரைப் பன்முறை வேண்டிக்கொள்ளும் வழக்கம் இம்மன்னன் சாசனங்களிற் காணப்படும். இவ்வறங் காத்தார் திருவடி தன் முடிமேலது எனத் தமிழ்நாட்டுக் கல்வெட்டுக்களில் எழுதும் மரபினை அறிந்தார்க்கு இவ்வேண்டுகோள் புதிதாகத் தோன்றாது. அமைத்தவன் தன் காலத்தைப் பற்றிக் கவலை கொண்டிலன். பின்னுள்ளாரைப் பற்றியே கொண்டனன். அக்கவலை காரணமற்றதன்று என்பது பின்னர்ப் புலனாகும்.

நீர்ப்பணி எல்லாம் வென்றன என்று எண்ணலாகாது. நான்காம் செயவர்மன் 928-ஐ ஒட்டித் தலைநகரைக் கோ கேர் என்னும் இடத்துக்கு மாற்றிப் பேருருவ இலிங்கம் ஒன்றை நாட்டினான். அதற்கு வடக்கே ஓராற்றை மறித்து எழுப்பிய ஏறத்தாழ நாலரை மைல் நீளமுள்ள கரையை 2018-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று அளந்து நோக்கியது. பெருமழை நீரை வெளியேற்றக் கலிங்கல் அமைக்கப்பட்டிருந்தும், அது வெள்ளத்தின் அளவுக்குப் போதாமையாற் கரை விரைவிலே, முதல் மழைக்காலத்திலேயே கூட, உடைந்திருத்தல் வேண்டும் என்பது அவ்வாராய்ச்சியின் முடிபு. 944-இல் இராசேந்திரவர்மன் அரசிருக்கையை மீண்டும் அங்கோருக்கே கொண்டுவந்தான். தலைநகர் திரும்பியதற்குக் கரை உடைந்ததே முழுக்காரணம் எனல் மிகை. ஒரு காரணம் எனல் பொருந்தும். அவனே கீழைத் தடாகத்தின் நடுவே மேபோன் என்னும் சிவாலயத்தை எழுப்பினான்.

11-ஆம் நூற்றாண்டிலே மேலைத் தடாகம் எழுந்தது. முதலாம் சூரியவர்மன் தொடங்க, இரண்டாம் உதயாதித்தியவர்மன் முடித்தான் எனக் கருதப்படும் இதன் நீளம் ஐந்து மைல். அகலம் ஒன்றேகால் மைலுக்குச் சிறிது மேல். கொள்ளளவு ஏறத்தாழ 5 கோடி கன மீட்டர், அஃதாவது 170 கோடி கன அடிக்கு மேல். முதற் பராந்தகன் காலத்து வீரநாராயணப் பேரேரி இன்று ஏறத்தாழ 146 கோடி கன அடி கொள்ளும் என்பதனோடு ஒப்பிட்டால் இதன் பெருமை விளங்கும். இத்தடாக நடுவிலிருந்த கோயிலில் அறிதுயில் கொண்ட திருமாலின் வெண்கலப் பேருருவின் பகுதி 1936-இற் கண்டெடுக்கப்பட்டது. உந்தியினின்று நீர் ஊறும் படுத்த புத்தர் உருவம் கீழைத் தடாகத்தில் உளது என்று சீனர் எழுதியது இதனையே ஆதல் வேண்டும். திசையும் தெய்வமும் மாறின. நீர் ஊறியது மட்டும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

அந்நூற்றாண்டிலேயே காம்போச வேந்தன் ஒருவன் இராசேந்திர சோழனுக்குத் தேர் ஒன்றை விடுத்து நட்பு வேண்டியதைக் கரந்தைச் செப்பேடுகள் கூறுகின்றன. அப்பொழுது அங்கு ஆண்டவன் சூரியவர்மன். 1114-இல் முதற் குலோத்துங்கனுக்குக் காம்போச மன்னன் காட்டிய கல் ஒன்று தில்லைத் திருக்கோயிலிற் பதிக்கப்பெற்றமையைச் சிதம்பரக் கல்வெட்டு உணர்த்துகின்றது. இவை கொண்டு, காம்போசத்தார் ஏரி கட்டும் வித்தையைச் சோழரிடமிருந்தே கற்றனர் என்று சிலர் எழுதுவது பிழை. யசோதர தடாகம் பராந்தகன் அரியணை ஏறுமுன்பே கரை கண்டுவிட்டது. அன்றியும் தமிழ்நாட்டு ஏரி மூன்று பக்கம் கரையும் மேட்டுப்பக்கம் திறப்பும் உடையது. காம்போசத் தடாகம் நாற்புறமும் அடைபட்டது. ஒரே சமயம் தழுவிய இரு நாடுகள் தத்தம் நிலத்துக்கு ஏற்பத் தனித்தனியே செய்தன என்பதே நேர்மையான முடிபு.

இனி, இவ்வமைப்பின் உச்சியிலுள்ள ஓரிடம் தனித்துக் கூறற்பாலது. குலேன் மலைப்பகுதியிலே கபால் சிபியான் என்னும் காட்டாற்றின் பாறைப் படுகையில் எண்ணிறந்த சிவலிங்கங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அறிதுயில் திருமாலும் பிற வடிவங்களும் உடன் உள. அங்குள்ள சாசனங்கள் 11-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. மழைநீர் அவ்விலிங்கங்களின் மேல் இடையறாது வழிந்து, அதன்பின்னரே சமவெளிக்கு இறங்கும். ஆகவே அங்கோர் உழவன் வயலில் மடுத்த நீரும், குடியானவள் குடத்தில் முகந்த நீரும் திருமுழுக்காட்டிய நீரே ஆயின. கோயிலுக்குள்ளே குடத்தால் முகந்து செய்யும் அபிடேகத்தை ஒரு மலையும் ஓராறும் கொண்டு செய்தனர். இதனை வெறும் அலங்காரமாகக் கருதுவோர், அந்நகரின் நீர்முறை முழுவதும் அரசனாலும் அந்தணராலும் சிவபுண்ணியமாகக் கொள்ளப்பட்டதை மறந்தவராவர்.

இத்தடாகங்கள் உழவுக்குப் பயன்பட்டனவா, வழிபாட்டுப் பொலிவுக்கு மட்டுமா என்று அறிஞரிடையே நீண்ட வழக்கு நிகழ்ந்தது. பிரான்சு நாட்டு அறிஞர் குரோசிலியே 1979-இல் அங்கோரை நீர்ப்பாசன நகர் என்று நிறுவினார். மறு ஆண்டே வான் லியர் என்பார், தடாகங்களில் மதகும் பகிர்வாய்க்காலும் காணோமே என்று மறுத்தனர். பின்னர்ப் பொத்தியே முதலியோர் நிலத்தை நடந்து அளந்தும், வானினின்று எடுத்த படங்களை ஆய்ந்தும், நீர் புகுவாயும் விடுவாயும் வாய்க்காலும் உளவெனக் காட்டினர். 2007-இல் வெளியான நிலப்படம், ஏறத்தாழ 390 சதுர மைல் பரப்பில் வாய்க்காலும் கரையும் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்தமையைப் புலப்படுத்தியது. அங்கு வாழ்ந்தோர் 7 இலட்சம் முதல் 9 இலட்சம் வரை இருக்கலாம் என்பது 2021-இல் வெளியிடப்பட்ட கணிப்பு. வயல்களிற் பெரும்பகுதி மழையையே நம்பியிருந்தது உண்மையே. தடாக நீர் ஒரு பகுதிக்கே பாய்ந்திருக்கும். எனினும் மழை ஏமாற்றிய ஆண்டில் அந்த ஒரு பகுதியே நகரின் கோயில்களையும் குடிகளையும் காத்திருக்கும்.

அந்நகர் வீழ்ந்ததெங்ஙனம்? சியாம் நாட்டு அயுத்தியா அரசர் படை 1431-இல் நகரைக் கைக்கொண்டது என்பது பழைய விடை. படையெடுப்பு உண்மை, ஆயினும் அதற்கு முன்னும் பகைவர் பன்முறை வந்துள்ளனர். 1177-இல் சம்பா நாட்டார் நகரைச் சூறையாடியதாகக் கூறப்பட்ட பின்னரும், ஏழாம் செயவர்மன் அதனை முன்னினும் சிறப்பாகக் கட்டி, வடபால் செய தடாகம் என்னும் நான்காவது பெருந்தடாகத்தையும் சேர்த்தான்.

மற்றொரு விடை சைவருட் சிலர் விரும்பிக் கூறுவது: சிவவழிபாட்டைக் கைவிட்டமையால் அந்நகர் அழிந்தது என்பர். பத்தியின் மிகுதியால் எழுந்ததாயினும் வரலாறு இதற்கு இடந்தரவில்லை. ஏழாம் செயவர்மன் புத்த சமயத்தவன். அவன் காலத்தே நகர் தழைத்தது. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எட்டாம் செயவர்மன் சிவநெறியை மீண்டும் அரியணையேற்றினான். புத்தர் உருவங்கள் பல சிதைக்கப்பட்டதும், சில இலிங்கமாக மாற்றிச் செதுக்கப்பட்டதும் அவன் காலத்தன எனக் கருதப்படுகின்றன. பிறர் வழிபடும் உருவைச் சிதைத்தல் சிவபுண்ணியமாகாது என்பது ஒருபுறமிருக்க, சிவநெறி அங்ஙனம் மீண்ட பின்னரே நகரின் தளர்ச்சி தொடங்கியது என்பது நோக்கற்பாலது. சமயத்தைக் காரணமாகக் காட்டுவோர் இக்கால முறையை எண்ணுவதில்லை.

உண்மையை ஒருவாறு உணர்த்தியவை மரங்கள். தென் வியட்நாமின் மலைக்காடுகளில் நிற்கும் பழமையான சைப்பிரசு இனமரங்கள் ஆண்டுக்கொரு வளையம் கொள்ளும். மழை மிக்க ஆண்டில் வளையம் அகலும், வறண்ட ஆண்டிற் குறுகும். பக்குலி என்னும் அறிஞரும் பிறரும் அவ்வளையங்களை எண்ணி, 750 ஆண்டுக்கு மேற்பட்ட மழை வரலாற்றை 2010-இல் வெளியிட்டனர். 14-ஆம் நூற்றாண்டின் நடுவிலும் பிற்பகுதியிலும் பல பத்தாண்டுகள் நீடித்த வறட்சியும், 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் குறுகிய கொடிய வறட்சியும், இவற்றிடையே பெருமழைக் காலங்களும் நிகழ்ந்தமை அதனாற் புலனாயிற்று. வறட்சி ஒன்றாயின் நகர் தாங்கியிருக்கும். வெள்ளம் ஒன்றாயினும் தாங்கியிருக்கும். வறண்ட காலத்தில் சிறிய நீரைப் பிடிக்க ஒடுக்கியும் திருத்தியும் அமைத்த வாய்க்கால்களிலே, அடுத்து வந்த பெருமழை பாய்ந்தபொழுது அவை அறுத்துக்கொண்டு போயின. நகரின் தென்பக்கத்து வாய்க்கால் ஒன்று பருமணலால் தூர்ந்து கிடத்தலும், சியம் ரீப் ஆறு பழைய மட்டத்தினும் பல அடி ஆழமாகத் தன் படுகையை அரித்துச் சென்றிருத்தலும் இதற்குச் சான்று. பழங்கோயிற் கற்களைப் பெயர்த்து அடுக்கிய சிபியான் துமா என்னும் பாலம் இன்று கரைமேல் நிற்க, ஆறு அதனை விட்டு விலகிப் பள்ளத்தில் ஓடுகின்றது. கோயிற்கல்லைப் பாலத்துக்கு எடுக்கும் நிலை வந்ததென்றால், அக்காலத்து அரசின் வலி இவ்வளவே என்று அளந்துகொள்ளலாம். ஓரிடத்து உடைப்பு, பிணைந்து கிடந்த மற்றையிடங்களுக்கும் பரவியதெங்ஙனம் என்பதனை 2018-இற் பென்னி முதலியோர் கணித்துக் காட்டினர்.

எனினும் வானத்தை மட்டும் பழித்து அமைதல் கூடாது. அதே பென்னியும் பிறரும் 2019-இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி, அங்கோர் தோம் அகழியின் அடிமண்ணை எடுத்து நோக்கி, நகரின் நடுப்பகுதியில் மக்கள் நடமாட்டமும் நிலத்தின் பயன்பாடும் 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மெல்ல மெல்லக் குறைந்து வந்தமையைக் கண்டது. கொடிய வறட்சிக்கு முன்னரே மேன்மக்கள் நகரைவிட்டு நீங்கத் தொடங்கினர் போலும். தெற்கே ஆற்றுவழி வாணிகம் அவர்களை ஈர்த்திருக்கலாம். கோயில் நிவந்தங்களும் அவற்றைச் சார்ந்த ஆட்களும் அருகியதும் அக்காலமே. 1327-ஐ ஒட்டியதற்குப் பின் அங்கே வடமொழிச் சாசனம் கிடைத்திலது. தூர் வாரவும் கரை அடைக்கவும் வேண்டிய கைகள் குறைந்தவிடத்தே வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி வந்தன. முன்னும் மழை பிழைத்ததுண்டு. அப்பொழுது திருத்துவார் இருந்தனர்.

இவ்விடத்தே தமிழ்நாட்டின் முறையோடு ஒப்பிடல் பயன்தரும். 919, 921-ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் ஏரிவாரியம் என்னும் குழுவைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையை வகுக்கின்றன. ஏரி ஊரினது, காப்போர் அவ்வூரார். ஓர் ஏரி உடைந்தால் ஓரூர் துன்புறும். அவ்வூரே மண் சுமந்து அடைக்கும். அங்கோரிலும் சிற்றூர்க்குளங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவை பெரும்பாலும் பிழைத்தன, உழவரும் அப்பகுதியை முற்றும் விட்டகன்றிலர். அழிந்தவை அரசன் ஒருவனையே நோக்கி நின்ற பெருந்தடாகங்களும் அவற்றைப் பிணைத்த நெடுவாய்க்கால்களுமே. இவ்வேற்றுமையை ஆராய்வோர் இன்னும் போதிய அளவு எண்ணிப் பார்த்திலர்.

இந்திர தடாகம் நெடுங்காலம் நீரின்றி வறண்டு கிடந்தது. லோலேய்க் கோயிலைச் சுற்றி வயல்கள். கீழைத் தடாகமும் வறண்டு, தீவாயிருந்த மேபோன் சிவாலயத்தின் மேடை மூலைகளில் யானைச் சிலைகள் நெல்வயலை நோக்கி நிற்கின்றன. மேலைத் தடாகம் மட்டும் மேற்பகுதியில் நீர் தேக்கி இன்றும் பாசனத்துக்கு உதவுகின்றது. பன்னூறாண்டு வறண்டிருந்த செய தடாகத்தை, அங்கோரைக் காக்கும் அரசு நிறுவனமாகிய அப்சரா 21-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கரை திருத்தி, பழைய வாய்க்காலைத் தூர் வாரி மீண்டும் நிரப்பியது. அதன் நடுவே யானை, குதிரை, அரிமா, மனிதன் என்னும் நான்கு முகங்களின் வாய்வழி நீர் வடியுமாறு அமைந்த நீக் பியான் கோயில் இப்பொழுது நீர் சூழ நிற்கின்றது.